பக்கத்துச் சாவி

திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீசுக்கு எதிரே என் கடை.
ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன்.
வாரத்துக்கு ஒருமுறையாவது இந்த வினைச்சொல்லை அடிக்கிறேன்.
தெருவிளக்கு எரியவில்லை, ஆவன செய்யுமாறு.
பம்புசெட் மோட்டார் எரிந்துவிட்டது, ஆவன செய்யுமாறு.
ஆற்றில் தண்ணீர் வராத வருசம்
கருகியது என்று அடிப்பேன்.
அது வேறு சொல். அதற்கு நெருப்பே வேண்டாம்.

மோதிரவிரலுக்கு த.
சுண்டுவிரலுக்கு ந.
பக்கத்துப் பக்கத்துச் சாவி.
ஒரு விரல் நகர்ந்தால்
எரிந்தது எரித்தது ஆகிவிடும்,
கம்ப்யூட்டர் சிவப்புக்கோடு போட்டுக் காட்டாது.
இரண்டும் சரியான சொல்.

காத்தாயி வந்தது
புரட்டாசிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, மனு நாள்.
கணுக்காலில் நடவுச் சேறு காய்ந்து வெளுத்திருந்தது.
முள்ளியாற்றுக் கரைப் புறம்போக்கில் கீற்று வீடு.
"எரிஞ்சிடுச்சு" என்றாள்.

மனுவில் காரணம் வேண்டும்.
மின்கசிவு என்று போடச் சொல்லி அனுப்பியிருந்தார் வி.ஏ.ஓ.
"கரண்டு கேட்டு நீதான மனு அடிச்சுக் குடுத்த,
ரெண்டு வருசம் ஆச்சு, இன்னும் வரல."
சரி, அடுப்பு என்று போடலாமா?
"நடவுக்குப் போற அன்னிக்குப் பழையதுதான்.
அடுப்புக்குள்ள பூனை படுத்திருந்துச்சு."

பூனை?

"அது வெளிய வந்துடுச்சு."

ஃபேன் காற்றில் மனுக்கள் படபடத்தன.
பேப்பர்வெயிட்டாக வைத்திருந்த செங்கல் துண்டை
அவளே நகர்த்தி வைத்தாள்.
"குளத்து மீன் ஏலத்துல கையத் தூக்குனேன்.
எங்க தெருவுலேர்ந்து யாரும் தூக்குனதில்ல.
அவங்க சொன்னதுக்கு மேல நூறு ரூவா சொன்னேன்.
அதுக்கு மூணாம் நாளு."

மூணாம் நாளுக்கு அப்புறம்
அவள் வாக்கியங்களில் எழுவாய் வரவில்லை.
தமிழில் எழுவாய் இல்லாமலும் வாக்கியம் நிற்கும்,
தோன்றா எழுவாய் என்று பரீட்சையில் எழுதி
இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன்.
ஊருக்கே தோன்றும்.
மனுவில்தான் தோன்றாது.

அவளுக்கு விளக்கினேன், கூலிக்கு அடிப்பவன் விளக்குகிற மாதிரி.
சுண்டுவிரலால் அடித்தால் தீ விபத்து.
அரிசி, மண்ணெண்ணெய், வேட்டி சேலை,
ஐயாயிரமோ எட்டாயிரமோ, பொங்கலுக்குள் வரும்.
மோதிரவிரலால் அடித்தால் ஸ்டேஷன்.
யார் என்று கேட்பார்கள்.
பார்த்தாயா என்று கேட்பார்கள்.
வாய்தாவுக்கு மன்னார்குடி போக பஸ் காசு,
போகிற அன்றைக்கு நடவுக் கூலி இல்லை.
திரும்பி வந்தால் அதே ஆற்றங்கரை.

"தானா எரிஞ்சுதுன்னு எழுதிக்குவாங்களா?"
தானாக என்று எழுத வேண்டாம்.
எரிந்தது என்றாலே தானாகத்தான்.
"அந்தச் சொல்லுக்கு அம்புட்டுத் தைரியமா" என்றாள்.

எனக்குக் கண் எரிந்தது. ஸ்க்ரீன் வெளிச்சம்
என்று சொல்லிக்கொண்டேன்.

எழுந்துபோய் வாசலில் நின்றாள்.
எதிரே டீக்கடையில் வடை எண்ணெய் புகைந்தது.
ஜீப் ஒன்று தாலுகா ஆபீசுக்குள் திரும்பியது,
அது முழுக்க உள்ளே போகும்வரை பார்த்திருந்துவிட்டு வந்தாள்.

"ரெண்டும் அடி."

இரண்டு?

"ஆபீசுக்கு ஒண்ணு.
இன்னொண்ணுல நடந்தத அடி.
அது எங்கிட்ட இருக்கட்டும்."

தாசில்தார் சமூகத்துக்கு என்று தொடங்கும் முதல் தாளில்
சுண்டுவிரல் ஒருமுறை இறங்கியது.
இரண்டாவது தாளுக்குச் சமூகம் என்று யாரும் இல்லை,
பெறுநர் இடத்தைக் காலியாக விட்டேன்.
எரித்தார்கள் என்று அடித்தபோது
விரல் தவறவில்லை.
தேதி கேட்டேன், ஏலத்துத் தேதியைச் சொன்னாள்.

பக்கத்துக்கு இருபது ரூபாய். ஒன்றுக்குத்தான் வாங்கினேன்,
அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

கைநாட்டு வைத்துவிட்டு
மை காய ஊதினாள்.
"இதுக்குக் கண்ணாடி போட்டுக் குடு, மழ வருது."
லேமினேஷன் போட்டால் எந்த ஆபீசிலும் வாங்க மாட்டார்கள் என்றேன்.
"அவங்க வாங்கறதுக்கு இல்ல."

உருளைகளுக்கு நடுவே தாள் மெல்ல நுழைந்து
மறுபக்கம் வழவழவென்று வந்தது.
கையை நீட்டினாள்.
பொறு, சூடாக இருக்கிறது, ஆறட்டும் என்றேன்.

"குடு" என்றாள்.